முதல் மடிப்பு

தண்ணீர் ஊற்றினாலும் ஒழுகாத பனையோலைப் பெட்டி அந்த ஊரில் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. முடைந்தவள் யாரென்று யாருக்கும் தெரியாது. அதைப் பார்த்து ஜெயக்கனி முடைந்தவை எல்லாமே ஒழுகின. அதன் முதல் மடிப்பை எப்படிப் போட்டிருக்கிறது என்று பார்க்க முடியாதபடி, அது அடிப்பகுதியின் உள்ளே புதைந்து கிடந்தது. கடைசியில் அவள் பெட்டியை ஈரச் சாக்கில் ஊறவைத்து, விளிம்பிலிருந்து பிரிக்கத் தொடங்கினாள்.

"இருக்கிற ஒன்னையும் பிரிச்சுட்டு, ஒழுகுற பெட்டிய வச்சு என்ன செய்யப்போற? கஞ்சி வடிக்கவா?" என்றாள் அண்ணன் மனைவி ரத்தினபாய். பெட்டி அவளுடையது.

"வடிச்சா நீங்க குடிங்க மதினி."

ஓலைகள் ஒவ்வொன்றாகக் கழன்று வந்தன. கடைசியில் மிஞ்சிய இரண்டு ஓலைகளும் இடப்பக்கமாக மடிந்து ஒன்றையொன்று கவ்வியிருந்தன. ஜெயக்கனி புது ஓலையை எடுத்து அதேபோல் மடித்துப் பார்த்தாள். வலக்கைக்கு அது முறுக்கிக்கொண்டு இடைவெளி விட்டது. ஓலையை இடக்கைக்கு மாற்றிப் பிடித்துப் பார்த்தாள்.

"இடதுகைக்காரி மதினி, இத முடைஞ்சவ."

"ஒனக்குச் சோத்துக்கைதானே?"

"அதான். இந்தச் சோத்துக்கை விரலையெல்லாம் சேத்து ஒரு துணியால கட்டுங்க. பிடிக்க மட்டும் வரட்டும், மடக்க வரக் கூடாது."

ரத்தினபாய் பழைய சேலையில் கிழித்து இறுகக் கட்டினாள். இடக்கையிலிருந்து ஓலை நழுவி விழுந்தது. ஜெயக்கனி எடுத்தாள். மறுபடியும் விழுந்தது. மறுபடியும் எடுத்தாள்.

ரத்தினபாய் எழுந்து உள்ளே போய், ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தாள். "முடைஞ்சதும் ஊத்திப் பாக்கணும்ல" என்றாள்.