தெரியாத கேள்விக்கு ஆமாம்

காலையிலிருந்து குனிந்தே கிடந்ததில் டெக்னீஷியனுக்குக் கழுத்து கட்டையாய் இறுகியிருந்தது. இருந்த இடத்திலிருந்தே, டெல்நெட் வழியே ஊரெங்கும் உள்ள நெட்வொர்க் பெட்டிகளுக்குள் நுழைந்து கடவுச்சொல்லை மாற்ற, தானாக ஓடும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தான். ஒவ்வொரு பெட்டியும் ஒவ்வொரு கேள்வி கேட்கும். தெரியாத கேள்வி வந்தால் ‘ஆமாம்’ என்று சொல்ல வைத்திருந்தான். சோம்பல்தான்.

கிடங்கிலிருந்த பழைய பெட்டி, “எல்லாவற்றையும் அழிக்கவா?” என்று கேட்டிருந்தது. ஸ்கிரிப்ட் ஆமாம் சொல்லியிருந்தது.

அதே மாடல் ஆஸ்பத்திரியில், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறது. அதுவும் அழிந்திருந்தால் நோயாளிகளின் மானிட்டர்கள் நாள் முழுக்க ஊமை.

மேனேஜர் ஓடி வந்தார்.

“ஆஸ்பத்திரியில பெட்டி செத்துக் கிடந்துச்சாம்யா!”

“சார்... யாருக்காவது ஏதாவது...”

“யாருக்கும் ஒண்ணுமில்ல. ஏன்யா பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? தரை துடைக்கிற அம்மா, அவங்க மெஷினைச் சொருக நம்ம பெட்டியோட பிளக்கைப் பிடுங்கிட்டாங்க. திரும்ப மாட்டினதும் நல்லா ஓடுது.”

அவன் திரையைப் பார்த்தான். ஆஸ்பத்திரிக்கு நேரே ‘பதில் இல்லை’ என்றிருந்தது. ஸ்கிரிப்ட் தட்டிப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறது. பிளக்கைப் பிடுங்கியதால்தான் பெட்டி பிழைத்தது.

“அந்தம்மாவை இன்னிக்கே வேலையை விட்டு அனுப்ப ஆஸ்பத்திரியில சொல்லிட்டேன். சரிதானே?”

வீட்டு வாடகை அவன் கண்ணில் வந்து நின்றது.

“ஆமாம் சார்.”

முகம்கூடத் தெரியாத அந்த அம்மாவுக்கு அவன் ஒரு வேலை கடன்பட்டிருக்கிறான்.