பென்குயினின் நல்ல குணங்கள்

"பென்குயின்கிட்ட நாம கத்துக்க வேண்டியது என்னென்ன, தெரியுமா குட்டீஸ்?"

மைக்கில் கேட்டுவிட்டு அவள் நிறுத்தினாள். போன மே மாதமும் இதே கேள்விதான்.

ஏசி கடை வாசல். வேலூர் வெயில். அதில் ஒரு பென்குயின்.

இந்த விளம்பரத்தை யோசித்தவன் வியாபாரம் தெரிந்தவன். உடைக்குள் ஓர் ஆள் நிற்க வேண்டியிருக்கும் என்பது மட்டும் அவனுக்குத் தோன்றவில்லை.

"பசி தாங்கும். முட்டையைக் கால்மேல வெச்சுக்கிட்டு மாசக்கணக்கா நிக்கும். ஒரு முணுமுணுப்பு கிடையாது!"

குழந்தைகள் கைதட்டினார்கள்.

"யோவ் பென்குயினு, உள்ள ஏசி போட்டிருக்கியா?" என்றார் ஓர் ஆட்டோக்காரர்.

போன வருடம் உள்ளே இருந்தவர் தணிகைவேல். ஒரு மதியம் சிறகு இரண்டையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார்.

"பாருங்கடா, பறக்கப் பாக்குது!" என்றாள் அவள். மைக்கில்.

தெருவே சிரித்தது.

அவர் விழுந்தபோதும் சிரித்தது.

குழந்தைகள் முன்னால் தலையைக் கழற்றக் கூடாது என்பது கடைச் சட்டம். பயந்துவிடுவார்களாம். பின்வாசல் வரை தூக்கிப்போய்த்தான் கழற்றினார்கள்.

அதற்குள் முடிந்திருந்தது.

அன்றிலிருந்து, யாராவது கையைத் தூக்கி பஸ்ஸை நிறுத்தினால்கூட, அந்த ஆளின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அவள் நகர்வாள்.

இந்த வருடம் வரமாட்டேன் என்றுதான் சொல்ல நினைத்தாள். வேறு யாராவது மைக் பிடித்தால் சிறகைக் கவனிக்க மாட்டார்கள். அதனால் வந்தாள்.

"அதே டிரெஸ்ஸா சார்?" என்று காலையில் கேட்டாள்.

"தொவச்சாச்சும்மா. மல்லிப்பூ மாதிரி இருக்கு," என்றார் முதலாளி தாமோதரன்.

"உள்ள யாரு?"

"பென்குயின்."

தணிகைவேல் வீட்டில் பேசி முடித்துவிட்டதாகவும் சொன்னார். இரண்டு தரப்புக்கும் திருப்தியாம். பேரத்தில் அவரை யாரும் ஜெயித்ததில்லை.

இப்போது பென்குயின் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

வலது சிறகு மெல்ல உயர்ந்தது.

குழந்தைகள் திருப்பிக் கையசைத்தார்கள்.

கண்ணாடிக் கதவுக்குப் பின்னாலிருந்து முதலாளி விரலைச் சுழற்றினார். அடுத்த குணத்துக்குப் போ என்று.

அவள் மேடையை விட்டு இறங்கினாள். மைக்கை அலகுக்கு நேரே நீட்டினாள்.

மூச்சு.

நான்கு ஸ்பீக்கரிலும். கடைவீதி முழுக்க. இரைந்து, அறுந்து, மறுபடி இரைந்து.

ஆட்டோக்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

"வேணாங்க்கா." உள்ளிருந்து ஒரு பெண் குரல். "எங்க வீட்டுக்காரரு போனதுக்குப் பதிலா எனக்குக் குடுத்த வேலை. தலையக் கழட்டுனா போயிரும்."

அவள் மைக்கைத் தரையில் வைத்தாள்.

அந்தப் பெரிய தலையை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினாள்.

இரண்டு சிறகுகளும் மேலே வந்தன. தலையை இறுக்கிக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டன.