ஒட்டுதல்

அன்று தட்டணுக்களைப் பற்றி டாக்டர் சொன்னது இவ்வளவுதானா, நானாகக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டேனா என்று இப்போது எனக்கு நிச்சயமில்லை. டெங்குவில் என் மனைவி பூங்கோதைக்கு ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள், பிளேட்லெட், குறைந்துகொண்டே போயின. கொடுப்பதற்காக நான் கையை நீட்டினேன். தலைவலிக்கு ஆஸ்பிரின் போட்டிருந்ததைச் சொன்னதும் ரத்த வங்கிப் பெண் ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். "வேணாம் சார், உங்க தட்டணு ஒட்டாது."

வார்டுக்குத் திரும்பி இதைச் சொன்னபோது பூங்கோதை அந்தக் காய்ச்சலிலும் சிரித்தாள். "உங்களுக்கு என்னிக்கு ஒட்டுதல் இருந்துச்சு?"

அவளுடன் வேலை பார்க்கும் தனபாண்டியன் தன் தட்டணுக்களைக் கொடுத்துவிட்டுப் போனான். மஞ்சள் நிறத்தில் ஒரு பை அவள் தலைக்கு மேல் தொங்கியது.

"இதுங்க ரத்தக் கசிவை அடைக்கிறதோட நிக்காது," என்றார் டாக்டர். "மைக்ரோ ஆர்.என்.ஏ.ன்னு குட்டிக் குட்டிச் சேதிங்களைக் கொண்டுபோய் உடம்புல உள்ள மத்த செல்லுங்களுக்குக் கொடுக்கும். அதுங்க நடந்துக்கிற விதமே மாறிடும்."

"என்ன சேதி, டாக்டர்?"

"அது அதுங்களுக்குள்ள, சார்," என்று சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

ஒவ்வொரு துளியும் அவளுக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூங்கோதை கண்திறந்தாள்.

"என்ன அப்படிப் பாக்குறீங்க?"

"அவன் என்ன சொல்றான்?"

"யாரு?" என்று அவள் கேட்கவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பூங்கோதை பிழைத்து வீட்டுக்கு வந்தாள். தனபாண்டியன் மாற்றலாகி ஓசூருக்குப் போனான். அவன் கொடுத்த தட்டணுக்கள் சில நாட்களில் செத்துப்போயின. அவற்றிடம் சேதி கேட்ட செல்கள் எங்கள் வீட்டில் இருக்கின்றன.