வளையல் உடைந்த சத்தம்

ஷைனிக்குப் பிறவியிலேயே எலும்பு வலுவில்லை, தும்மினால்கூட முறியும். மாதா கோயில் திருவிழாவில் கண்ணாடி வளையல் கேட்டு அடம்பிடித்தாள். வளையல்காரி வழக்கம்போலக் கையைப் பிசைந்து ஏற்றப் போனதும் அம்மா பிலோமினா பதறித் தடுத்து, தொளதொளவென்று பெரிய அளவாக வாங்கித் தானே மாட்டிவிட்டாள்.

முந்தின வாரம்தான் காலில் மாவுக்கட்டுப் பிரித்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு அலைந்து அலைந்து பிலோமினா ஓய்ந்துபோயிருந்தாள். மறுநாள் மதியம் சற்றே கண்ணயர்ந்தபோது பக்கத்து அறையில் ‘டக்’கென்றது. கேட்டுப் பழகிய சத்தம். எழ முடியாமல், “என்னட்டி?” என்றாள்.

“வளவிதாம்மா உடைஞ்சிட்டு. நீ தூங்கு.”

“மாதாவே” என்று திரும்பிப் படுத்தாள்.

சாயங்காலம் சில்லுகளைக் கூட்ட விளக்குமாற்றோடு போனாள். தரை சுத்தமாக இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு அசையாமல் படுத்திருந்தாள் ஷைனி. கையில் வளையல்கள் அத்தனையும் முழுசாக இருந்தன.