தோலில் குறை இல்லை

"இந்தப் பிள்ளையை உங்களுக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டு, அந்த மனிதர் ஒரு படத்தை மேசையில் வைத்தார். முகமில்லாத படம். ஓர் இளைஞனின் முதுகு. இடுப்புக்குச் சற்று மேலே உள்ளங்கை அகலத்தில் சுருங்கிக் கிடந்த ஒரு தழும்பு.

தலைமைத் தாதி மெற்றில்டா பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டாள். முகம் எதற்கு? அந்தத் தழும்பு அவள் கைவேலை. அவரோடு கூட வந்து உட்கார்ந்திருந்த நாகமணிதான் பெற்ற தாய்.

எண்பத்தேழில் நடந்தது. ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட பிள்ளை. தொப்புள் வழியாகக் குழாய் ஏற்ற வேண்டியிருந்தது. கிருமி அண்டக் கூடாதென்று மெற்றில்டா ஸ்பிரிட்டைத் தாராளமாக ஊற்றித் துடைத்தாள். வழிந்தது முதுகுக்கடியில் போய் ஊறிக் கிடந்ததைக் கவனிக்கவில்லை. பிறகு பிள்ளையைத் திருப்பியபோது துணியோடு தோலும் உரிந்து வந்தது.

அன்றைக்கு இதே நாகமணியின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் அழுதாள். "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ, என்ட வேலை போயிரும்."

"அழாதீங்க மிஸ். நான் சொல்ல மாட்டேன். புள்ள உசுரோட இருக்குல்ல, அது போதும்" என்றாள் நாகமணி. இருபது வருடம் அந்த வாயில்லாப் பூச்சி யாரிடமும் மூச்சு விடவில்லை. மெற்றில்டாவோ பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிய துண்டில் 'தோலில் குறை இல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தாள்.

இப்போது வந்து நிற்கிறாளே, அதுவும் ஆளோடு! போன மாதம்தான் மேலிடத்துச் சுற்றறிக்கை வந்திருந்தது. குறைமாதப் பிள்ளைகளுக்கு ஸ்பிரிட் கூடாது, தண்ணீரில் கலந்த மருந்துதான். அதையும் ஊற விடாமல் ஒற்றி எடுக்க வேண்டும். தோல் எரிந்தால் விசாரணை. மெற்றில்டாவின் பென்ஷனுக்கு இன்னும் மூன்றே மாதம்.

வந்தவர் உள்ளே நுழையும்போதே ஓர் அட்டையை நீட்டிக் காட்டியிருந்தார். 'விசாரணை' என்ற சொல் காதில் விழுந்ததும் அவளுக்குக் கண் இருண்டுவிட்டது. அட்டையை யார் பார்த்தார்கள்?

"பொடியன் எங்க? கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே" என்றாள்.

"அவர் வர ஏலாது" என்றார் அவர். ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடித் தமிழ் பேசினார்.

நாகமணியின் மடியில் ஒரு பை இருந்தது. அதற்குள் ஆண்கள் கட்டும் சாரம் ஒன்று மடித்தபடி, சவர்க்காரம், புதுப் பற்தூரிகை. ஓகோ, மகனை எங்கோ வார்ட்டில் போட்டிருக்கிறாள், தோல் ஒப்பரேஷனாக்கும், இனி நட்டஈடு கேட்கப் போகிறாள் என்று மெற்றில்டா தானாகவே முடிவு கட்டினாள்.

"மிஸ், அன்னைக்கு நடந்தத அப்படியே சொல்லிருங்க மிஸ். ஒங்களுக்கு ஒண்ணும் வராது..." என்று தொடங்கினாள் நாகமணி.

"அம்மா கதைக்கக் கூடாது" என்று அவர் தடுத்தார். "கதைக்க மாட்டேன் எண்டு சொல்லித்தானே வந்தது? அவங்களாச் சொல்லவேணும்."

நாகமணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் மட்டும் கெஞ்சியது. ஒன்றும் வராதாம்! யாருக்குக் காது குத்துகிறாள் இவள் என்று மெற்றில்டாவுக்கு ஆத்திரம் வந்தது.

"குழாய் போட்ட நேரம் மருந்து பட்டுத் தோல் எரிஞ்சது எண்டு இவங்க சொல்றாங்க. அப்படி நடக்க ஏலுமா?"

"வேற இடங்களில நடந்திருக்கலாம் சேர். என்ட வார்ட்டில நடக்கேல்ல."

"ஸ்பிரிட் பாவிக்கயில்லையா?"

"ஸ்பிரிட்டா? அந்தப் பச்சைத் தோலில ஆராவது ஸ்பிரிட் ஊத்துவினமா? முப்பத்திரண்டு வருஷ சேவிஸ் சேர் எனக்கு. எத்தின நேர்ஸ்மாருக்கு நானே படிப்பிச்சிருக்கிறன்!" கழுத்தில் தொங்கிய அந்தோனியார் பதக்கத்தைப் பிடித்துக்கொண்டே சொன்னாள். வாய் கூசவில்லை.

அவர் கோப்பிலிருந்து அந்தப் பழைய துண்டின் பிரதியை எடுத்தார். "கையெழுத்து உங்கடதா?"

"ஓம்."

"தோலில் குறை இல்லை எண்டு எழுதியிருக்கு. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க நோனா. நீங்க சொல்றதைத்தான் நான் எழுதுவேன்."

பாவம், அவர் அவசரப்படுத்தவில்லை. பேனையை மூடிவைத்துக்கொண்டு காத்திருந்தார். உண்மை மெற்றில்டாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நாகமணியின் முகத்தைப் பார்த்தாள், பிறகு சுவரில் மாட்டியிருந்த சுற்றறிக்கையைப் பார்த்தாள்.

"எழுதினது சரிதான் சேர். பிள்ளை பூப்போல வீட்டுக்குப் போனது. அதுக்குப் பிறகு எங்க போய்க் காயப்பட்டதோ, எனக்கென்னண்டு தெரியும்?"

"ஐயோ மிஸ்!" என்று நாகமணி எழுந்தேவிட்டாள்.

அவர் எழுதி முடித்துத் தாளை நீட்டினார். மெற்றில்டா கையெழுத்துப் போட்டாள். தப்பினேன் என்றிருந்தது அவளுக்கு.

கோப்பைக் கட்டிக்கொண்டு அவர் எழுந்தபோது வெளியே விட்டிருந்த சட்டை கதிரைக் கையில் மாட்டி விலகியது. இடுப்பில் பிஸ்டல் இருந்தது. அவர் நாகமணியின் பக்கம் திரும்பினார்.

"அப்ப அம்மா, நாங்க பிடிச்சு வச்சிருக்கிற உங்கட மகனுக்கு இந்தக் காயம் வன்னிச் சண்டையிலதான் பட்டிருக்கு."