வயலட் வெளுக்கவில்லை

"மாமா, இந்த வயலட் கொஞ்சம்கூட வெளுக்கவே இல்லையே?"

மருமகள் ஹாலில் நிறுத்தியிருந்த சைக்கிளின் முன்சக்கரத்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சக்கரத்தின் நடுவில் இருந்த ஹப்பை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். காபி குடித்துக்கொண்டிருந்த மாமனார் டம்ளரைச் சட்டென்று கீழே வைத்தார்.

"வெளுக்கணுமா என்ன? நல்ல சரக்கும்மா அது!"

"இது பெயிண்ட் இல்லை மாமா. அலுமினியத்துக்கே சாயம் ஏத்தறாங்க. ஆனோடைஸ்னு பேரு. பெயிண்ட் மாதிரி உரிஞ்சு வராது. ஆனா வெயில்தான் எதிரியாம். கறுப்பு, தங்கக் கலரெல்லாம் தாங்குமாம். வயலட்டும் சிவப்பும் வருஷம் திரும்பறதுக்குள்ள வெளுத்து ரோஸ் ஆயிடுமாம். வாங்கும்போதே கடைக்காரர் சொன்னார்."

"ஓஹோ."

"நீங்களும் ஒரு வருஷமா தினமும் வெயில்ல ஓட்டறீங்க..." என்று இழுத்தாள். ஹப்பை ஒரு பார்வை, பெடலை ஒரு பார்வை, கடைசியாக மாமனாரை ஒரு பார்வை. பிறகு உள்ளே போய்விட்டாள்.

மாமனாருக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரியும். ஓய்வு பெறும்வரை ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். கழிவறைக் கதவைத் தட்டித் தட்டி, டிக்கெட் இல்லாமல் ஒளிந்திருந்த எத்தனையோ பேரை வெளியே வரவழைத்தவர். இப்போது கதவுக்கு அந்தப் பக்கம் தாமே உட்கார்ந்திருப்பதுபோல் அவருக்கு வியர்த்தது.

காரணம் இருந்தது. உடம்பை அசைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், மருமகள் ஆசை ஆசையாக வாங்கித் தந்த சைக்கிள் அது. அவரும் தினமும் காலையில் ஹெல்மெட் மாட்டி, கையசைத்துவிட்டுக் கிளம்புவார். இரண்டாவது தெருவில் பால்ய சிநேகிதரின் சலூன். சைக்கிளை உள்ளே ஏற்றிவிட்டு, மூலை நாற்காலியைச் சாய்த்து, முகத்தில் பேப்பரைப் போட்டுக்கொண்டு ஒரு தூக்கம். கிளம்பும் நேரத்தில் சலூன்காரர், முடி வெட்டும்போது தெளிக்கும் தண்ணீரை நெற்றியிலும் முதுகிலும் புஸ்புஸ் என்று அடித்துவிடுவார். வியர்வை தயார். வாசலில் மூச்சு வாங்குவது மட்டும் இவருடைய பொறுப்பு.

இப்படி ஒரு வருஷம் ஓடிவிட்டது. சைக்கிள்தான் ஓடவில்லை.

"மாட்டிக்கிட்டேன்டா!" என்றபடி அன்று சலூனுக்குள் நுழைந்தார்.

"எதுல?"

"வயலட்ல!"

விஷயத்தைக் கேட்டதும் சலூன்காரர் சிரித்த சிரிப்பில், பாதி சவரத்தில் இருந்த வாடிக்கையாளர் பயந்துபோய்க் கன்னத்தைப் பொத்திக்கொண்டார்.

"கொண்டுபோய் வெயில்ல நிறுத்து. வெளுத்துட்டுப் போகுது."

"ஒரு வருஷ வெயிலை ஒரே நாள்ல நான் எங்கடா போய் வாங்கறது? அவ சந்தேகப்பட ஆரம்பிச்சாச்சு. மானம் போயிடும்டா!"

சலூன்காரர் மோவாயைச் சொறிந்தார். முதலில் நரை மறைக்கும் மையை அழிக்கிற திரவத்தைத் தடவிப் பார்த்தார். வயலட் முன்னைவிடப் பளபளவென்று சிரித்தது. பிறகு உள்ளே போய், குழாய் அடைத்துக்கொண்டால் ஊற்றும் மருந்தோடு வந்தார்.

"போன மாசம் இது என் அலுமினியக் கிண்ணத்துல கொட்டி, கிண்ணம் பேயறைஞ்ச மாதிரி ஆயிடுச்சு. தள்ளி நில்லு."

கையுறை மாட்டிக்கொண்டு, பழைய சவர பிரஷ்ஷை மருந்தில் தொட்டு, ஹப், பெடல், சீட்டுக்குக் கீழே இருந்த வளையம் என்று ஒவ்வொன்றாகப் பூசினார். வயலட் நுரைத்தது, முனகியது, வெளிறியது.

"ரெண்டு பக்கமும் சமமா போடுடா!"

"நீ சும்மா இரு. வெயில் என்ன அளவெடுத்தா அடிக்கும்? முடி மாதிரிதான். முன்னாடி நரைச்சு, பின்னாடி லேசா கறுப்பு இருந்தாத்தான் நிஜம்னு நம்புவாங்க. இதுல நான் கரை கண்டவன்."

தண்ணீர் ஊற்றிக் கழுவியதும் மாமனாருக்கே புல்லரித்தது. பாலைவனத்தைச் சுற்றிவந்த சைக்கிள்போல் பரிதாபமாக நின்றது.

வீட்டு வாசலில் பெல்லை நாலு முறை அடித்து மருமகளைக் கூப்பிட்டார்.

"நீ காலையில ஹால் இருட்டுல பாத்தேம்மா. இப்ப வெளிச்சத்துல பாரு. இதுதான் ஒரு வருஷ வெயில்!"

மருமகள் குனிந்தாள். ஹப்பைத் தொட்டாள், பெடலைத் தொட்டாள். நிமிர்ந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. கதவு தட்டியவர் போய்விட்டார் என்று மாமனாருக்குள் நிம்மதி பரவியது.

"என்னை மன்னிச்சுடுங்க மாமா. உங்களைத் தப்பா நினைச்சுட்டேன். உங்களுக்கு இதுல இஷ்டமே இல்ல, என் மனசு நோகக் கூடாதுன்னு எங்கேயோ போய் உக்காந்துட்டு வரீங்கன்னு நினைச்சேன். பாவமா போச்சு. சைக்கிளை யாருக்காவது குடுத்துட்டு, 'இனிமே நிம்மதியா வீட்டுலயே ஃபேனுக்கடியில தூங்குங்க மாமா'ன்னு இன்னிக்குச் சாயந்திரம் சொல்லறதா இருந்தேன்."

மாமனார் வெளுத்துப்போன ஹப்பை ஏக்கத்தோடு பார்த்தார்.

"நல்லவேளை, அவசரப்படலை!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்ட மருமகள், போனை எடுத்துக் காதில் வைத்தாள். "ஹலோ, நூறு கிலோமீட்டர் சைக்கிள் பந்தயம் நடத்தறவங்கதானே? எங்க மாமா பேரை எழுதிக்குங்க... என்னது, அறுபது வயசு தாண்டினவங்களுக்குப் பாதி தூரமா? அதெல்லாம் வேண்டாம், அவர் கோவிச்சுக்குவார்!"