பிரெஞ்சு அலமாரியின் பின்னால்

புத்தகத்தை யாரோ எடுத்துப் படித்திருக்கிறார்கள். சுரையா குனிந்து, பிரெஞ்சு அகராதிகளுக்குப் பின்னால் தான் ஒளித்து வைத்திருந்த கைடை உருவினாள். நேற்று அட்டை சுவரைப் பார்க்கும்படி இவள் வைத்த புத்தகம், இன்று இவளைப் பார்த்து இளித்தது.

சாரம் பகுதி நூலகத்தில் அரசாங்க குமாஸ்தா தேர்வுக்கு இருந்ததே அந்த ஒரு கைடுதான். வீட்டுக்குக் கொடுக்க மாட்டார்கள். புதிதாக வாங்கலாம் என்றால், புருஷன் ஷஹாபுதீன் தையல் கடையில் துணி வெட்டிக் கொண்டுவரும் கூலி வாடகைக்கும் அரிசிக்குமே இழுபறி. அதனால்தான் ஈ காக்கா வராத பிரெஞ்சு அலமாரியில் கொண்டுபோய்ச் செருகினாள். நூலகத்தில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

பக்கங்களைப் புரட்டினாள். ஓரத்தில் நீலப் பொடி அப்பியிருந்தது. சாக்பீஸ்!

எதிர் மேஜையில் கமலக்கண்ணன் உட்கார்ந்திருந்தான். டியூஷன் வாத்தியார், அதே தேர்வுக்குப் படிக்கிறவன். அவன் விரலில் இருந்தது என்னவோ வெள்ளைச் சாக்பீஸ்தான். ஆனால் வாத்தியாரிடம் கலர் சாக்பீஸ் இல்லாமலா போகும்?

"அக்கா, அந்த குமாஸ்தா கைட எங்கயாவது பாத்தீங்களா? ஒரு மாசமா தேடுறேன்" என்று அவனே வந்து கேட்டான்.

அடேயப்பா, என்ன நடிப்பு! இல்லையே என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு, வயிறு எரிய உட்கார்ந்திருந்தாள். நூலகரிடம் புகார் சொல்லவும் வழியில்லை. ஒளித்து வைத்தவளே இவள். திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான்.

மறுநாளும் புத்தகம் இடம் மாறியிருந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. சுரையாவுக்குப் பொறுக்கவில்லை. இந்த வேலை கிடைத்தால்தான் ஒழுகுகிற அந்த ஒற்றை அறையை விட்டு வெளியேற முடியும். அதில் வேறொருத்தன் குறுக்கே வருவதா?

கடைசியில் விடைகள் இருந்த பக்கங்களைச் சத்தமில்லாமல் கிழித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு பென்சிலை எடுத்து, சறுக்குகிற கேள்விகளாகப் பார்த்து, தப்பான விடைகளுக்கு அழகாக டிக் போட்டாள். ஆஸ்திரேலியாவின் தலைநகர் கேள்வியில் கான்பெராவை விட்டுவிட்டு சிட்னிக்குப் போட்டபோது அவளுக்குச் சிரிப்பே வந்தது. படிடா ராஜா, நல்லாப் படி.

இதை மட்டும் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அந்த மனுஷன், அடுத்தவன் சோத்துல மண்ணப் போடாத என்று ஆரம்பித்துவிடுவார்.

தேர்வு நாளன்று ஷஹாபுதீன்தான் அவளை வண்டியில் கூட்டிப் போனான். உழவர்கரைப் பள்ளிக்கூட வாசலில் கமலக்கண்ணன் நின்றிருந்தான். சுரையா அவனை ஓரக்கண்ணால் அளந்தாள். நன்றாகப் படித்தீர்களா தம்பி என்று கேட்டும் வைத்தாள்.

"எங்கக்கா படிக்கிறது! லைப்ரரில அந்த கைடு கடைசி வரைக்கும் கெடைக்கவே இல்ல. கடன் வாங்கித்தான் புதுசு வாங்கினேன்."

அவன் முகத்தில் சூது இல்லை. அப்படியானால் அந்த நீலப் பொடி?

"நேரமாவுது, வா உள்ள போலாம்" என்றான் ஷஹாபுதீன்.

உங்களை எப்படி உள்ளே விடுவார்கள் என்று அவள் திரும்ப, அவன் வெட்கத்தோடு சட்டைப்பையிலிருந்து இன்னொரு ஹால் டிக்கெட்டை எடுத்து நீட்டினான். வயது வரம்பு அவனுக்கு இந்த வருஷத்தோடு முடிகிறதாம். தேறினால் சொல்லிக்கொள்ளலாம் என்று, ஓவர்டைம் என்ற பெயரில் தினமும், அவள் வீடு திரும்பிய பிறகு, கடையிலிருந்து நேராக நூலகத்துக்குப் போயிருக்கிறான். பிரெஞ்சு அலமாரியில் ஒளித்த சாமர்த்தியத்தை அவளே ஒரு நாள் அவனிடம் சொல்லிச் சிரித்திருந்தாளே!

அவன் விரல் நுனியைப் பார்த்தாள். துணியில் கோடு போடும் நீலச் சாக்பீஸ் பொடி, கழுவியும் போகாமல் நகக்கண்ணில் ஒட்டியிருந்தது.

மணி அடித்தது. சுரையா அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எனக்காகப் பயப்படாத புள்ள. நீ டிக் போட்டு வெச்சது அத்தனையும் எனக்கு மனப்பாடம். ஆஸ்திரேலியா தலைநகர் சிட்னி!"